பெல்லட் வாங்குவதும் புளி வாங்குகிற மாதிரிதான்

ஊரில் மாசி, பங்குனியில் புதுப்புளி வந்ததும் வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி, கொட்டை எடுத்து, உப்புத் தூவிப் பானையில் அடைத்து வைத்துவிடுவார்கள். ஐப்பசி அடைமழையில் கடை கடையாகப் புளி தேடுகிறவர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். இங்கே அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயரில், மர பெல்லட் வாங்குவதும் அப்படித்தான். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சித் துண்டுகள் அவை, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அதற்கென்று இருக்கிற அடுப்பில் எரிப்போம். இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு ஜனவரி மாதம் சொல்லித் தந்தது.

நாங்கள் வாங்கிய வீட்டில் பெல்லட் அடுப்பு ஏற்கெனவே இருந்தது. நவம்பரில் இருபது மூட்டை வாங்கிப் போட்டு, தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஜனவரியில் குளிர் பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது மைனஸ் 18 செல்சியஸுக்கும் கீழே போன வாரத்தில் அது தீர்ந்தது. மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டில் இல்லை, மூன்றாவதில் ஆளுக்குப் பத்து மூட்டைதான். அதுவும் வெளியே பனிக்கடியில் கிடந்த மூட்டைகள். வீட்டுக்கு வந்து அடுப்பில் கொட்டினேன், இரண்டு மணி நேரத்தில் அடுப்பு நின்றுவிட்டது. உள்ளே பெல்லட்டை எரியும் இடத்துக்குத் தள்ளுகிற திருகு ஒன்று இருக்கிறது, அதற்குள் ஈர பெல்லட் ஊறி உப்பி, புட்டு மாவு மாதிரி இறுகி, ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி எடுக்க அரைநாள் ஆனது. அன்றைக்கு இரவு வீட்டைச் சூடேற்ற ஏற்கெனவே இருந்த எண்ணெய் பாய்லர்தான் காப்பாற்றியது. அதன் பில்லைப் பற்றிப் பேச வேண்டாம்.

முதலில் யாருக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தெருவில் இயற்கை எரிவாயுக் குழாய் இருந்தால் இதைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள், காஸ் உங்களுக்குப் பெரும்பாலும் மலிவாகத்தான் இருக்கும், மூட்டை தூக்கும் வேலையும் இல்லை. நியூ இங்கிலாந்து என்கிற இந்த வடகிழக்கு மூலை மாநிலங்களில் காஸ் குழாய் வராத, எண்ணெயோ புரொப்பேனோ ஊற்றிச் சூடேற்றுகிற வீடுகள் ஏராளம். அவர்களுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

அம்மாவுக்கு வீடியோ காலில் ஒரு கை பெல்லட்டை அள்ளிக் காட்டினேன். "என்னடா இது, மாட்டுத் தீவனமா?" என்றாள். மரத்தூளை அழுத்திச் செய்தது, எரிக்கத்தான் என்றதும் சட்டென்று புரிந்துகொண்டாள். நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் குத்தித் திணித்து, பாட்டிலை உருவிவிட்டு அடியில் பற்றவைக்கிற தூள் அடுப்பு எங்கள் வீட்டுப் பின்கட்டில் வெகுநாள் இருந்தது. "இறுக்கமாகக் குத்தலைன்னா பொலபொலன்னு சரிஞ்சிடும், தூள் ஈரமா இருந்தா வீடெல்லாம் புகை" என்றாள். நான் நாலு நாள் தேடிப் படித்ததை அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இறுக்கம், ஈரம் இரண்டையும் கவனித்தால் பெல்லட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மிச்சம் சாம்பல்.

எவ்வளவு வாங்குவது

இங்கே ஒரு மூட்டை 40 பவுண்டு, ஏறக்குறைய 18 கிலோ. 50 மூட்டை சேர்ந்தால் 2,000 பவுண்டு, அதுதான் அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், நம் கணக்கில் 907 கிலோ. இந்த ஐம்பதையும் ஒரு மரப்பலகைத் தட்டின் மேல் அடுக்கி பிளாஸ்டிக் சுற்றித் தருவார்கள். அந்தத் தட்டுக்கு இங்கே பேலட் என்று பெயர். பேலட் மேல் பெல்லட். என் மனைவி இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் நான் அதை விட்டுவிட்டேன், இனிமேல் பலகை என்றே எழுதுகிறேன். விலை பேசும்போது ஒரு பலகை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், பலகையில் எத்தனை மூட்டை, ஒரு மூட்டை எத்தனை பவுண்டு என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

போன வருஷங்களின் எண்ணெய் பில் கையில் இருந்தால் கணக்கு சுலபம். ஒரு டன் பெல்லட்டில் ஏறத்தாழ 1 கோடியே 65 லட்சம் பி.டி.யு. (இங்கே சூட்டை அளக்கிற அலகு) சூடு இருக்கிறது, ஒரு காலன் ஹீட்டிங் ஆயிலில் 1 லட்சத்து 38 ஆயிரத்துச் சொச்சம். ஆக ஒரு டன் பெல்லட் 120 காலன் எண்ணெய்க்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் குளிர்காலத்துக்கு 600 காலன் எரிக்கிறவர் என்றால், எல்லாவற்றையும் பெல்லட்டுக்கு மாற்ற ஐந்து டன் வேண்டும். ஆனால் ஹாலில் நிற்கிற ஒரு அடுப்பு வீடு முழுவதையும் சூடாக்காது, மாடிப் படுக்கையறைக்கு எப்படியும் பாய்லர் கொஞ்சம் ஓடும், அதனால் மூன்று டன் போதும்.

பில் இல்லையா, சரி, மூட்டைக் கணக்காகவே போடுங்கள். எங்கள் வீட்டில் கடுங்குளிரில் ஒரு நாளைக்கு ஒரு மூட்டை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிக்கு 90. நவம்பரிலும் மார்ச்சிலும் அரை மூட்டைக்குக் கொஞ்சம் மேலே, இரண்டும் சேர்ந்து 38. அக்டோபர் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் காலையில் மட்டும் போடுவதற்குப் பதினைந்து, பதினாறு. மொத்தம் 144 வருகிறது, மூன்று டன் வாங்கினால் ஆறு மூட்டை மிஞ்சும். அந்த ஆறு மிஞ்சட்டும். அதைப் பார்த்துக் கஞ்சத்தனம் செய்துதான் நான் ஜனவரியில் தெருவில் நின்றேன்.

விலை நியாயமா என்று பார்க்கவும் அதே 120 உதவும். வீட்டில் இறக்கித் தருகிற கூலியையும் சேர்த்து ஒரு டன்னுக்கு என்ன ஆகிறதோ அதை 120-ஆல் வகுங்கள். டன் 360 டாலர் என்றால் எண்ணெயைக் காலன் 3 டாலருக்கு வாங்குவதற்குச் சமம். எண்ணெய் அன்றைக்கு 3.50 விற்றால் உங்களுக்கு லாபம், 2.80 விற்றால் முதுகு வலிதான் மிச்சம். இறக்குகூலியைச் சேர்க்காமல் கணக்குப் போட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. கடை வாசலில் எழுதிப் போட்டிருக்கிற விலை வேறு, உங்கள் கராஜுக்குள் வந்து நிற்கும்போது ஆகியிருக்கிற விலை வேறு.

எப்போது வாங்குவது

மார்ச்சில் ருசி பார்த்து, மே, ஜூனில் மொத்தமாக வாங்குங்கள். ருசி பார்ப்பது என்றால், குளிர் இன்னும் போகாத மார்ச் மாதத்தில் நாலைந்து பிராண்டில் இரண்டிரண்டு மூட்டை வாங்கி, ஒவ்வொன்றையும் உங்கள் அடுப்பிலேயே எரித்துப் பார்ப்பது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அமிர்தமாக எரிகிற பெல்லட் உங்கள் அடுப்பில் கதவுக் கண்ணாடி முழுக்கக் கரி அப்பி, பெல்லட் எரிகிற கிண்ணத்தில் சாம்பல் உருகிக் கட்டி தட்டி நிற்கும். அடுப்புக்கு அடுப்பு காற்று வருகிற அளவு மாறும், அதுதான் காரணம். ஒரு பிராண்டை எரித்து முடித்ததும் அடுப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள், இல்லாவிட்டால் யார் சாம்பல் யாருடையது என்று தெரியாது.

ஏன் மே மாதம்? பெல்லட்டுக்கு மூலப்பொருள் மர அறுவை ஆலைகளில் விழுகிற தூளும் சீவலும், மட்டமான மரமும்தான். வீடு கட்டுவது குறைந்தால் அறுவை குறையும், அறுவை குறைந்தால் தூள் குறையும். இந்தப் பக்கம் குளிர் கூடினாலும் எண்ணெய் விலை ஏறினாலும் பெல்லட் கேட்கிறவர்கள் ஒரே நாளில் கூடிவிடுவார்கள். ஆலை ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அடிக்கும், ஜனவரியில் அவசரம் என்று இரண்டு பங்கு அடிக்க முடியாது. 2014 தொடக்கத்தில் கடுங்குளிர் வந்தபோது வடகிழக்கு மாநிலங்கள் முழுக்கப் பெல்லட் தட்டுப்பாடு, அடுத்த குளிர்காலத்திலும் அதே கதை. 2022 வசந்தத்தில் ஹீட்டிங் ஆயில் காலன் ஐந்து டாலரைத் தாண்டியதும் கோடையிலேயே ஜனங்கள் பெல்லட் கடையை மொய்த்தார்கள். மே, ஜூனில் விற்பவருக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும், ஆலைக்கும் பணம் வேண்டும், அதனால் முன்பதிவுக்கென்று தனி விலை போடுவார்கள். செப்டம்பர் முதல் வாரம் காலையில் மூச்சு விட்டால் புகை வருகிற அன்றைக்கு அந்த விலை போய்விடும்.

முன்பணம் கட்டுவதாக இருந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், எந்த வாரம் இறக்குவார்கள், எந்த பிராண்ட் என்று எழுதி வாங்குங்கள். "அல்லது அதற்கு இணையானது" என்று ரசீதில் இருந்தால் கொஞ்சம் சண்டை போட்டாவது எடுக்கச் சொல்லுங்கள், மார்ச்சில் எரித்துப் பார்த்ததெல்லாம் பிறகு எதற்கு?

மண் ரோட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். மார்ச், ஏப்ரலில் பனி உருகி ரோடெல்லாம் சேறாகும்போது பல ஊர்களில் கனரக வண்டிகள் வரக் கூடாது என்று அறிவிப்பு வைத்துவிடுவார்கள். அந்தச் சமயத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் லாரி உங்கள் வீட்டுக்கு வராது.

மூட்டையில் என்ன பார்ப்பது

மூட்டையின் மேல் பி.எஃப்.ஐ. என்கிற பெல்லட் எரிபொருள் சங்கத்தின் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 'பிரீமியம்' என்று இருந்தால் சாம்பல் 1 சதவீதத்துக்குள், ஈரம் 8 சதவீதத்துக்குள், தூள் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 'ஸ்டாண்டர்ட்' என்றால் சாம்பல் 2 சதவீதம் வரை போகலாம். முத்திரை இல்லாமல் வெறுமனே 'பிரீமியம்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தால் அது வெறும் பெயர். சில மூட்டைகளில் இ.என்.பிளஸ் ஏ1 என்கிற ஐரோப்பிய முத்திரை இருக்கும், அதில் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாராளமாக நம்பலாம்.

ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். மூன்று டன்னுக்கு ஒரு சதவீதம் 60 பவுண்டு சாம்பல், அதை அள்ளிக் கொட்டுவது நீங்கள். அரை சதவீதப் பெல்லட்டில் அது 30. டன்னுக்குப் பத்து, இருபது டாலர் கூடக் கொடுத்து நல்ல பெல்லட் வாங்கினால் வாரத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய சுத்தம் பத்து நாளைக்கு ஒருமுறை என்று ஆகிறது. எனக்கு அந்தப் பணம் பெரிதாகத் தெரியவில்லை.

தூளைச் சோதிக்க வீட்டுச் சல்லடையே போதும். ரவை சலிக்கிற சல்லடை இல்லை, அதைவிடக் கண் பெரிதானது, நான் கடலை சலிக்கிற சல்லடையை வைத்துக்கொண்டேன். ஒரு மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சலித்து, விழுந்த தூளை அடுக்களைத் தராசில் வையுங்கள். 18 கிலோவில் அரை சதவீதம் 90 கிராம். அதற்குள் இருந்தால் சரி. நான் சலித்த ஒரு மூட்டையில் 70 கிராம், இன்னொன்றில் 310. அந்த 310 கிராமும் அடுப்பில் பெல்லட்டைக் கொட்டி வைக்கிற ஹாப்பர் பெட்டியின் மூலைகளில் போய்ப் படிந்து, வழுக்கி இறங்க வேண்டிய பெல்லட்டைத் தடுத்து, நடுராத்திரியில் அடுப்பைப் பசியோடு நிறுத்தும். நீளமான பெல்லட்டும் இதே வேலையைச் செய்யும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீளமானவை நிறையக் கண்ணில் பட்டால் அவை குறுக்கே பாலம் போட்டு நிற்கும்.

நாலு பெல்லட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். இறுக்கமானது கீழே போய் உட்கார்ந்து, பிறகு மெல்லக் கரைந்து தூளாகும். மிதந்தால் சரியாக அழுத்தவில்லை என்று அர்த்தம். இதில் பசை எதுவும் கிடையாது, மரத்திலேயே இருக்கிற லிக்னின் என்கிற பொருள் சூட்டில் இளகிப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் தண்ணீர் பட்டால் உடனே பழைய மரத்தூளாகிவிடுகிறது. மேல் பளபளப்பாக இருந்தால் நல்லது. நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு வதந்தி: கடின மரத்தில் செய்த பெல்லட்தான் நல்லது, பைன் மாதிரி மென்மரம் புகைபோக்கியில் தார் படியவைக்கும் என்பது. விறகுக் காலத்துப் பயம் அது. விறகு ஈரமாகவும் மெதுவாகவும் எரிந்தது. பெல்லட்டில் எல்லா மரமும் ஒரே மாதிரி உலர்த்தித்தான் வருகிறது, பவுண்டுக்குப் பவுண்டு பார்த்தால் பிசின் இருக்கிற மென்மரத்தில்தான் சூடு கொஞ்சம் கூடுதல், நல்ல மென்மரப் பெல்லட்டில் சாம்பலும் குறைவு. நான் ஜனவரிக்கென்று ஒரு டன் மென்மரம், மற்ற மாதங்களுக்கு இரண்டு டன் கலப்பு என்று வாங்குகிறேன். நியூ ஹாம்ப்ஷயரில் ஜாஃப்ரி, வெர்மான்ட்டில் நார்த் கிளாரண்டன், மெய்னில் கொரிந்த், ஏதென்ஸ் என்று சுற்றுவட்டாரத்திலேயே பெல்லட் ஆலை ஊர்கள் இருக்கின்றன, கனடாவிலிருந்தும் வருகிறது. மூட்டையில் பிராண்ட் பெயர் அதேதான் இருக்கும், ஆனால் செய்த ஆலை வேறாக இருக்கலாம். அதனால் மூட்டையின் ஓரத்தில் அச்சடித்த ஆலைக் குறியீடோ தேதியோ இருந்தால், மார்ச்சில் எரித்துப் பார்த்த மூட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொண்டு வருவதும் வைப்பதும்

காரில் கொண்டுவரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருபது மூட்டை 800 பவுண்டு. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதில் எழுதியிருப்பார்கள், முதலில் அதைப் படியுங்கள். ஒரு டன்னை ஒரே நடையில் ஏற்றலாம் என்று சாதாரண பிக்கப் வண்டியைக் கடன் வாங்கிக்கொண்டு போனால் பின் சக்கரம் படுத்துவிடும். மூன்று டன்னுக்கு இறக்குகூலி கொடுப்பதே புத்திசாலித்தனம். 150 மூட்டையைக் கடையில் ஏற்றி, வீட்டில் இறக்கி, மறுபடி உள்ளே தூக்கி என்றால் ஒவ்வொரு மூட்டையையும் மூன்று முறை தூக்குகிறீர்கள்.

லாரி பின்னாலேயே ஒரு குட்டி ஃபோர்க்லிஃப்ட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும். டிரைவ்வே சரிவா, சரளைக்கல்லா, கராஜ் கதவு எவ்வளவு உயரம், மேலே கேபிள் வயர் தாழ்ந்து தொங்குகிறதா என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சிலர் டிரைவ்வே முனையோடு சரி, உள்ளே தள்ளித் தர மாட்டார்கள். வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பலகையைச் சுற்றி ஒருமுறை நடங்கள். அடிவரிசை மூட்டைகளை அழுத்திப் பாருங்கள். நல்ல மூட்டை கரகரவென்று நகரும், ஈரம் பட்டது கல்லாக இருக்கும் அல்லது உப்பியிருக்கும். என் இரண்டாவது வருஷத்துப் பலகையில் ஃபோர்க்லிஃப்ட் முள் குத்தி மூன்று மூட்டை கிழிந்திருந்தது. நான் சொன்னதும் ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் ரசீதில் குறித்துக் கொடுத்தார், மறுநாள் மாற்று மூட்டை வந்தது. கையெழுத்துக்கு அப்புறம் சொல்லியிருந்தால் அவ்வளவுதான்.

வீட்டை ஒட்டி வெளியே கட்டியிருக்கிற மரத் தளமான டெக்கின் மேல் பலகையை இறக்கச் சொல்லாதீர்கள். 40க்கு 48 அங்குலப் பலகை என்றால் பதிமூன்றேகால் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். அதில் 2,000 பவுண்டு, சதுர அடிக்கு 150 பவுண்டு. டெக் கட்டுவது பொதுவாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு சுமக்கிற கணக்கில்தான்.

கராஜோ பேஸ்மென்ட்டோதான் சரியான இடம். சிமென்ட் தரையில் நேராக அடுக்கினால் தரையின் குளிர்ச்சியில் அடி மூட்டை வியர்க்கும், பலகையோடேயே வையுங்கள், அல்லது பழைய பலகை ஒன்றைக் கீழே போடுங்கள். வேறு வழியில்லாமல் வெளியே வைத்தால், சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்கை நம்ப வேண்டாம். மூட்டைகளில் காற்று போக ஊசித்துளைகள் இருக்கும், மழைக்கு அது தெரியும். தார்ப்பாய் போடும்போது நடுவில் ஒரு பழைய டயரையோ மரக்கட்டையையோ வைத்துக் கூரை மாதிரி சரிவு கொடுங்கள், தண்ணீர் குளம் கட்டக் கூடாது. பக்கங்களைத் தரைவரை இழுத்து மூடாமல் கொஞ்சம் காற்று போகவிடுங்கள்.

மூட்டை இல்லாமல் மொத்தமாகக் குழாய் வழியே தொட்டியில் நிரப்புகிற வசதியும் உண்டு, அது பெல்லட் பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு. அவர்களுக்கு ஒன்றே ஒன்று: மூடிய பெல்லட் தொட்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையே தெரியாது, எதையாவது எடுக்கிறேன் என்று தலையை உள்ளே விடக் கூடாது.

அடுப்புக்கு மின்சாரம் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள், திருகும் காற்றாடியும் கரண்டில்தான் ஓடுகின்றன. 2008 டிசம்பரில் மழை விழுந்த இடத்திலேயே உறைந்த ஐஸ் புயலில் இந்த மாநிலத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருட்டில் இருந்தன. கராஜில் மூன்று டன் இருந்தாலும் கரண்ட் போனால் போர்வைதான், அல்லது வெளியே நிறுத்தி ஓட்டுகிற ஜெனரேட்டர்.

மிஞ்சிய ஆறு மூட்டையைக் கோடையில் எங்கேயோ மூலையில் தள்ளிவிட்டு, புதுப் பலகை வந்ததும் அதன் பின்னால் மறைத்துவிடாதீர்கள். நான் கறுப்பு மார்க்கரால் வருஷத்தைப் பெரிதாக எழுதி அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அடுக்கிவிடுவேன். அக்டோபரில் முதல் தீ அதிலிருந்துதான்.